எஞ்சின் ஓடிய நேரம்

பிப்ரவரி 3, திங்கள்

சீலன் நேற்று சென்னைக்குத் திரும்பினான். புறப்படும் முன் எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. யோசனை என்னுடையது. பிற்காலத்தில் என் மகன் வேறு விதமாகச் சொல்லக்கூடும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் டிராக்டரின் சாவியைக் கேட்டான். எழுபத்தெட்டு வயதில், அதுவும் ஜனவரியில் நடந்ததற்குப் பிறகு, இந்த மலைச்சரிவில் நான் டிராக்டர் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்றான். தர முடியாது என்றேன். அப்படியானால் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். ஒன்பதாவது மாடி. எனக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறதாம். சன்னலுக்குக் கம்பிகூடப் போட்டாகிவிட்டதாம்.

"சாவியைக் கேக்காதே. கணக்கு கேளு," என்றேன். "எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு காட்டுற மீட்டர் இருக்கு. அதை மாட்டலாம். ஒரு அளவு சொல்லு. அதைத் தாண்டினா நானே பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன்."

அவன் எஞ்சினியர். எண் என்றால் மறுக்க மாட்டான். ஈஸ்டர் வரை பத்து மணி நேரம் என்று ஆரம்பித்தான். மிளகு இறக்க வேண்டும், எரு ஏற்ற வேண்டும், கீழ்த் தோட்டத்து ஆரஞ்சுக் கன்றுகளுக்குத் தண்ணீர் பீப்பாய் போக வேண்டும் என்று சொல்லிப் பதினைந்துக்குக் கொண்டுவந்தேன். ஈஸ்டருக்குள் பதினைந்து தாண்டினால் சென்னை. தாண்டாவிட்டால் அவன் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.

கை குலுக்கிக்கொண்டோம். என் வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 5, புதன்

கொட்டகையைப் பெருக்கச் செய்தேன். வீட்டு வேலைக்கு வரும் வெள்ளையம்மா பெருக்கினால் மூலைகள் அப்படியே இருக்கும். மூலைகளை நான் பெருக்கினேன். போன வருடம் போட்ட புதுத் தகரம், ஒரு சொட்டு ஒழுகாது. கொட்டகையைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை.

டிராக்டர் மிகச் சிறியது. ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து என் கணவர் சற்குணம் வாங்கியது. அப்போதே அது பழையது. ஒற்றை சிலிண்டர், பெட்ரோலில் ஓடும். கைப்பிடி சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்ததை மாற்றி, சாவி திருப்பினால் கிளம்பும்படி அவரே செய்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பச்சைப் பெயின்ட் அடிப்பார். ஆட்கள் அதைக் கழுதை என்று அழைத்தார்கள். அவர் சிரிப்பார். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. ஆனால் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

அவர் இறந்த மறு மாதம் காரை விற்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கேட் வரை இறக்கம். கேட்டிலிருந்து ஏற்காடு கடைவீதி வரை இன்னும் இறக்கம். நடந்து இறங்கலாம், ஏற முடியாது. நான் சொன்னால் நகரும் பொருள் இந்த வீட்டில் கழுதை ஒன்றுதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மெக்கானிக் தஸ்தகீர் வந்தான். கொண்டுவந்த மீட்டரைத் திருப்பி அனுப்பினேன். அதன் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது.

"இத அமுக்கினா ஜீரோவுக்கு வந்துடும் மேடம். உங்களுக்குத்தான் வசதி," என்றான்.

"அந்த வசதி எனக்கு வேண்டாம். திருப்பி வைக்க முடியாத மீட்டர் கொண்டா."

"எல்லாரும் பட்டன் இருக்கிறதா பாத்துக் கேப்பாங்க."

எல்லோரும் கேட்பது எனக்குத் தெரியாது என்றேன்.

பிப்ரவரி 15, சனி

மீட்டர் பொருத்தியாயிற்று. பட்டன் இல்லாதது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. ஸ்டீயரிங்குக்கு நேர் கீழே, நான் உட்கார்ந்தால் மூக்குக்கு எதிரே இருக்கிறது. அழகு என்று சொல்ல முடியாது.

தஸ்தகீர் அதைச் சாவியோடு இணைக்கப் பார்த்தான். அது சோம்பேறி வழி. சாவி திறந்திருந்தாலே நேரம் ஓடும், எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்காது. சாவியைத் திறந்து வைத்துவிட்டு நான் கையுறை தேடினால் அதுவும் ஓட்டியதாகுமா? எஞ்சின் வெடிக்கும் ஒவ்வொரு வெடிப்பையும் உணர வேண்டும் என்றேன். அதற்கு மீட்டரின் ஒயரை ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் ஒயர்மேல் சுற்ற வேண்டும். துண்டுக் காகிதத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது: நான்கிலிருந்து ஆறு சுற்று. இவன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "நிக்கும் மேடம்" என்றான். நிற்கவில்லை, எண்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. அவிழ்த்து நானே ஐந்து சுற்றுச் சுற்றிக் கட்டினேன். இப்போது எஞ்சின் ஓடும்போது மட்டும் ஓர் ஓரத்தில் மணல் கடிகாரப் படம் சிமிட்டுகிறது. எஞ்சின் நின்றால் சிமிட்டல் நிற்கிறது. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

தஸ்தகீர் கை துடைத்துக்கொண்டே, "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மேடம், மீட்டர் வண்டிக்கா, உங்களுக்கா?" என்றான்.

டீ கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வெள்ளையம்மா தன் கைபேசியில் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, வாரா வாரம் வெள்ளிக்கிழமை அனுப்பச் சொல்லிச் சீலன் தம்பி சொல்லியிருக்கிறார் என்றாள். உடன்பாட்டில் இது இல்லை. ஆனால் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

"கொஞ்சம் நில்லு," என்று சொல்லி முந்தானையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். தூசியோடு போய்ச் சேரக் கூடாது.

2.1.

பிப்ரவரி 24, திங்கள்

காலை முழுதும் மேகம் வீட்டைவிட்டு நகரவில்லை. வாசல் படியிலிருந்து பார்த்தால் கொட்டகை தெரியவில்லை.

வெள்ளையம்மாவோடு மறுபடியும் அதே வழக்கு. எதிர்ச் சரிவில் வேலை செய்யும் தன் கணவனை இங்கிருந்தே கூப்பிடுகிறாள். வாயருகே இரு கையையும் குவித்து ஒரு நீளக் குரல். பள்ளத்தைத் தாண்டி அது போகிறது, பதிலும் வருகிறது. இந்த மலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். சோறு ஆயிற்று, மாடு வந்துவிட்டது, மாமியார் வந்திருக்கிறாள் எல்லாம் மலைக்கு மலை தெரிந்துவிடும்.

"இங்கே நின்னு கத்தாதேன்னு எத்தனை முறை சொல்றது?"

"கத்தலைங்க தொரசாணி, கூப்புட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அதெப்படிங்க ஒண்ணாவும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கான்வென்டில் சிஸ்டர் அகதா எங்களுக்குச் சொன்னது: ஒரு பெண்ணின் குரல் அவள் இருக்கும் அறையைத் தாண்டக் கூடாது. அறுபது வருடத்துக்கு மேல் இதைக் கடைப்பிடித்திருக்கிறேன். சமையலறைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் சாப்பாட்டு மேசைமேல் பித்தளைக் கைமணி இருக்கிறது. அவரை நான் ஒரு முறைகூட உரக்க அழைத்ததில்லை. அவர் இருக்கும் அறைக்குப் போய்ப் பேசுவேன்.

மார்ச் 2, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கழுதையில் போய்வந்தால் முக்கால் மணி நேரம் செலவாகும். ஜெபப் புத்தகத்தை வீட்டிலேயே வாசித்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

போகவில்லை.

மார்ச் 8, சனி

இரவு எட்டு மணிக்குச் சீலன் தொலைபேசினான். தினமும் எட்டு மணி. நான் மேசையருகே உட்கார்ந்திருப்பது அதற்காக அல்ல, வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது.

வெளியே போகும்போது கைபேசியைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். சேலையில் பை கிடையாது என்றேன். அப்படியானால் அந்தக் கைமணியையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்றான்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியா, மணி கட்டிக்கிட்டுத் திரிய?"

அவன் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க விழுவீங்கன்னு நான் பயப்படலை. விழறவங்க விழத்தான் செய்வாங்க. நீங்க கூப்பிட மாட்டீங்க. அதுதான் பயம்."

ஜனவரியைச் சொல்கிறான். குளியலறையில் வழுக்கியது உண்மை. பகலிலிருந்து மறுநாள் காலை வெள்ளையம்மா வரும்வரை தரையில் இருந்ததும் உண்மை. அன்று மாலை அவள் சன்னலுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதை அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். என்ன நிலையில் நான் இருந்தேன் என்பதை யாரும் யோசிப்பதில்லை. துவாலை எட்டவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மிளகு மூட்டைகளைக் கீழ்த் தோட்டத்திலிருந்து களத்துக்கு ஏற்றினேன். சரிவில் முதல் கியர், வளைவில் பிரேக், எல்லாம் ஒழுங்காக. ஆரஞ்சுக் கன்றுகளுக்குப் பீப்பாய்த் தண்ணீர். அதன் முன்சக்கரம் எங்கே போகிறது என்பது இன்னும் என் உள்ளங்கைக்குத் தெரிகிறது. ஓட்டும்போது வயது ஒன்றும் செய்வதில்லை. இறங்கும்போதுதான் இடது இடுப்பு சற்று யோசிக்கிறது.

8.7. கண்ணாடியைத் துடைத்தேன். படம் போயிற்று.

மார்ச் 21, வெள்ளி

எரு வேலை முடிந்தது. 11.2. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. செய்ய வேண்டிய பெரிய வேலை எதுவும் இல்லை. மீதியைச் சேர்த்து வைத்து ஈஸ்டர் அன்று சர்ச்சுக்குப் போவேன். பெரிய வாசலுக்கு முன்னால் நிறுத்துவேன். பாஸ்டர் பார்க்கட்டும்.

முட்டாள்தனமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் கொட்டகைக்குப் போய், ஏறாமல், அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன். அது மாறியிருக்காது என்று தெரியும். சிறுவயதில் போர்டிங்கில் கேட் பூட்டியிருக்கிறதா என்று இப்படித்தான் போய்ப் பார்த்து வருவோம்.

மார்ச் 26, புதன்

பூ மழை. இரவெல்லாம் கொட்டுகிறது. காப்பிக்கு நல்லது. கேட்டுக்கு இறங்கும் பாதையின் வளைவு அரித்துப்போகும். வருடா வருடம் அரிக்கிறது.

மார்ச் 27, வியாழன்

மழை விட்டு நல்ல வெயில். காப்பி மொட்டெல்லாம் பருத்துவிட்டது. வீடு முழுதும் ஈர மண் வாசனை.

ஈரத்தில் நின்ற எஞ்சினைச் சற்று ஓட விடுவது நல்லது. பத்து நிமிடம் போதும். காலை உணவு முடிந்ததும் ஏறிக் கிளப்பினேன். முதல் திருப்பலிலேயே கிளம்பியது. பத்து நிமிடம் ஆனபின் மேலும் கொஞ்சம் ஓட விட்டேன். இடது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கால் கிளட்சை மிதிக்கும் நிலையில் இல்லை, ஆகவே வண்டியை வெளியே எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகையில் பார்க்க நிறைய இருக்கிறது. அவருடைய ஸ்பேனர்கள் அளவு வாரியாக மாட்டியிருக்கின்றன. பதினேழாம் எண்ணைக் காணோம். வெயில் முதல் தூணிலிருந்து இரண்டாம் தூணுக்கு நகர்ந்தது. ஒரு குரங்கு வந்து மட்கார்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதற்கும் அவசரமில்லை.

வெள்ளையம்மா களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தாள். தெரியவில்லை, ஆனால் எதிர்ச் சரிவுக்கு அவள் குரல் கொடுத்தது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. களம் கொட்டகைக்கு அவ்வளவு பக்கம். அவளை அழைக்க வேண்டிய தேவை எதுவும் எனக்கு இல்லை. இவ்வளவு நேரம் எஞ்சின் ஓடுவதைக் கேட்டு அவளே வந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். அதனால்தான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?

மணல் கடிகாரம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூக்குக்கு எதிரே. பார்க்காமல் இருக்க முடியாத இடத்தில் நானே மாட்டச் செய்தது. 13. 14. கண்ணை மூடிக்கொண்டால் சத்தம் மட்டும். இருபத்துமூன்றாம் சங்கீதத்தைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. 15 ஆனதைப் பார்த்தேன். சத்தமில்லாமல்தான் ஆயிற்று.

மதியம் சாய்ந்தபின் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நின்று ஒரு நிமிடம் ஆகியிருக்காது, வெள்ளையம்மா சேற்றில் ஓடிவந்தாள்.

"என்னங்க தொரசாணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. நீ எதுக்கு ஓடி வர்றே?"

"சத்தம் நின்னுபோச்சுங்களே. அதான் பக்குன்னுச்சு."

"காலையிலேர்ந்து ஓடுதே, அது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுக்கிட்டுத்தானுங்க இருந்தேன். வண்டி ஓடுது, தொரசாணி வேலையா இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னு இருந்தேன். வேல செய்யறப்ப கிட்ட வந்தா திட்டுவீங்களே. மொதல்லயே நிறுத்தியிருந்தீங்கன்னா மொதல்லயே வந்திருப்பேனுங்க."

இறங்குவதற்குக் கை கொடுத்தாள். அவள் விருப்பப்பட்டதால் மறுக்கவில்லை. சேலையை மாற்ற வேண்டியிருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது.

16.9.

மார்ச் 28, வெள்ளி

வெள்ளையம்மா கைபேசியோடு வந்து நின்று, படம் எடுக்காமல் இருந்தாள்.

"போன் உடைஞ்சுபோச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடறேனுங்க. ஈஸ்டரு தாண்டட்டும்."

"உன் போன் உடைஞ்சிருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப படத்தை எடு."

கண்ணாடியை அவளே துடைத்தாள். நான் துடைப்பதைவிடச் சுத்தமாக.

எட்டு மணி வரை சீலன் காத்திருக்கவில்லை. ஆறரைக்கே அழைத்தான். "ஒரே வாரத்துல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். எங்கம்மா போனீங்க?"

"வேலை இருந்தது."

"என்ன வேலை?"

தொலைபேசியில் விவாதிக்கும் விஷயம் அல்ல என்றேன். நாளை வருகிறேன் என்றான்.

மார்ச் 29, சனி

மதியம் வந்தான். வளைவு அரித்துவிட்டதால் காரைக் கேட்டருகே விட்டுவிட்டு நடந்து ஏறிவந்தான். ஐம்பது வயது, மூச்சு வாங்கியது. மணிமேகலை எப்படி இருக்கிறாள் என்று மருமகளைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம். உள்ளே வராமல் நேரே கொட்டகைக்குப் போனான். நான் பின்னால் போனேன்.

மீட்டரைப் பார்த்தான். பெட்ரோல் டாங்க்கைத் திறந்து பார்த்தான். பிறகு கொட்டகை வாசலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். புதன் இரவு மழையில் குழைந்த மண் இப்போது காய்ந்து இறுகிவிட்டது. அதில் வெள்ளையம்மாவின் காலடிகள் இருக்கின்றன, விரல்கள் ஆழமாகப் பதிந்து, களத்திலிருந்து கொட்டகைக்கு. வீட்டிலிருந்து வந்துபோன என் செருப்புத் தடமும் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

"வண்டி வெளியவே வரலை," என்றான்.

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"எஞ்சின் ஓடியிருக்கு. வண்டி ஓடலை. அம்மா, நீங்க ஓட்டலைதானே?"

"ஓட்டினேன்."

"சக்கரத் தடமே இல்லையே."

"பதினஞ்சுன்னு பேசினோம். பதினாறு புள்ளி ஒன்பது ஆயிருக்கு. நான் வர்றேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுடைய அப்பா பார்ப்பது போல, தலையைச் சற்றுச் சாய்த்து. "நான் கணக்கைக் கேக்கலை. அஞ்சரை மணி நேரம் இங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னீங்கன்னா பதினஞ்சும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். இங்கயே இருங்க."

வெள்ளையம்மா களத்தில் மிளகைக் கிளறுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஓட்டினேன்," என்றேன்.

மார்ச் 31, திங்கள்

சனிக்கிழமை புறப்பாடு. சீலன் அலுவலகத்தில் சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறான். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து வேலை செய்கிறான். கைமணியை ஓரமாக நகர்த்திவிட்டான். நான் மறுபடி நடுவில் வைத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கச் செய்தேன். போர்டிங்குக்கு நான் கொண்டுபோன அதே பெட்டி. மூடியில் என் பெயர், எவாஞ்சலின், என் அப்பா கையால் வெள்ளைப் பெயின்டில் எழுதியது. வண்ணான் தேய்த்துக் கொடுத்தது போல் துணிகளை மடித்து வைத்தேன். பாதிப் பெட்டிகூட நிறையவில்லை. அந்த மாடியில் கம்பளிக்கு வேலை இருக்காது.

ஏப்ரல் 2, புதன்

சன்னல்களை மூடிப் பார்த்தோம். இரண்டின் கொக்கி சேரவில்லை.

வெள்ளையம்மா இன்று யாரையும் கூப்பிடவில்லை. எதிர்ச் சரிவிலிருந்து அவள் கணவன் குரல் இரண்டு முறை வந்தது. இவள் பதில் கொடுக்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

"நீங்க இருக்கிறவரைக்கும் சத்தம் வேண்டாம்னுதானுங்க," என்றாள்.

பதில் வராமல் அவன் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு வேலையைப் போட்டுவிட்டு, பள்ளத்தில் இறங்கி, இந்தப் பக்கம் ஏறி நேரிலேயே வந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியது. என்ன ஆயிற்றோ என்று வந்தானாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெட்டியைக் கேட் வரை தூக்கிக்கொண்டு போக ஆள் பார்க்கிறேன் என்றான் சீலன். ஆள் வேண்டாம், கழுதையில் டிரெய்லரை மாட்டி நானே கொண்டுவருவேன் என்றேன். பதினைந்துதான் முடிந்துவிட்டதே, இனி எத்தனை ஓடினால் என்ன. அவன் மறுக்கவில்லை. பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினான்.

வெள்ளையம்மாவிடம் படம் எடுக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். பழக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

ஏப்ரல் 5, சனி

காலை எட்டுக்குப் பெட்டியை டிரெய்லரில் ஏற்றினார்கள். கைமணியை வெள்ளையம்மாவுக்குக் கொடுத்தேன். "எனக்கு எதுக்குங்க இது?" என்றாள். உண்மைதான்.

நான் ஏறுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்னால் நடக்கச் சொன்னேன். மட்கார்டைப் பிடித்து, முழங்காலை முதலில் வைத்து ஏறினேன். நேரம் ஆயிற்று, ஆனால் ஏறினேன். கிளட்ச் இறங்கியது. முதல் கியரில் கொட்டகையைவிட்டு வெளியே வந்தேன். தரையில் தடம் விழுந்ததைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காப்பி வெள்ளையாகப் பூத்திருந்தது. அரித்த வளைவில் உள் ஓரமாகப் பிடித்து, டிரெய்லர் சரியாமல் இறக்கினேன். அவர் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாகச் செய்தோம் என்று பொருள்.

கேட்டருகே, காருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வெள்ளையம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீலன் காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பி நின்றான். என்னைப் பார்க்காமல் இருக்க அவன் முயன்றது தெரிந்தது.

இடது கால் வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். அது என்னுடையது போலவே இல்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மணல் கடிகாரம் சிமிட்டியது. அவன் திரும்பவில்லை. எஞ்சின் ஓடுகிறவரை அம்மா நன்றாக இருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.

மார்ச் 27 அன்று கொட்டகைக் கூரை ஒழுகவில்லை. அதை மாற்றி எழுதுகிறேன்.

சாவியை அணைத்தேன். திடீரென்று பள்ளத்துப் பறவைகள் எல்லாம் கேட்டன. வெள்ளையம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்து நிறுத்தினேன்.

"சீலா," என்றேன்.

அது அறையைத் தாண்டாத குரல். சாலையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை. வெள்ளையம்மா என்னையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தன் வாயருகே கொண்டுபோய், குவித்துக் காட்டினாள். சத்தம் போடவில்லை. கையை மட்டும் காட்டினாள்.

நான் கையைக் குவிக்கவில்லை. அது எனக்கு வராது. ஆனால் கூப்பிட்டேன்.

"சீலா. இங்க வா. கால் வரலைப்பா. எறக்கி விடு."

எதிர்ச் சரிவில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் வந்தான். ஓடி வரவில்லை, அதற்கு நன்றி. கையை என் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, காலைப் பிடித்து மெல்லத் திருப்பி, தூக்கி இறக்கினான். அவன் அப்பாவின் முன்கைகள். தரையில் நின்றபின்னும் நான் அவன் சட்டையைப் பிடித்திருந்தேன்.

"அன்னிக்கும் இப்படித்தானா?" என்று கேட்டான்.

"அன்னிக்கும் இப்படித்தான்."

காரின் பின்கதவு திறந்தே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், டிரெய்லரில் இருந்த பெட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"வண்டியைத் திருப்பட்டுமா?"

"கிளட்சை மெதுவா விடு," என்றேன். "உன் கார் மாதிரி நினைச்சு உதறாதே."

மேலே வரும்போது நான் டிரெய்லரில் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தேன். மிளகு மூட்டை வரும் இடம். வெள்ளையம்மா பின்னால் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் தன் வாயையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. வளைவில் சீலன் ஒரு முறை கியரை அரைத்தான். திருத்தினேன்.

17.6.

மாலை

சீலனும் வெள்ளையம்மாவும் அவள் கணவனும் கொட்டகையில் இருக்கிறார்கள். ஏறி இறங்க மரத்தில் ஒரு படி அடிக்கப் போகிறார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களே முடிவு செய்தார்கள். படியின் உயரம் ஏழு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மீட்டரைக் கழற்றட்டுமா என்று சீலன் கேட்டான். இருக்கட்டும் என்றேன். ஆயில் மாற்றுவதற்குக் கணக்கு வேண்டும்.

சேர்வராயன் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டி இன்னும் டிரெய்லரிலேயே, வெட்டவெளியில். கைமணி இப்போது வெள்ளையம்மாவுடையது. நடந்து போய்ச் சொல்லலாம் என்றால் இடுப்பு இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. முதல் துளி படியில் விழுந்தது.

வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னேன். ஆணி அடிக்கும் சத்தம். யாருக்கும் கேட்கவில்லை.

இன்னொரு முறை சொன்னேன். கேட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.